டர்போ கமாரோவுல ரெண்டாவது 4எல்60ஈ பாக்ஸும் போச்சு, 4எல்80ஈ போட்டா தீருமா?

"4எல்80ஈ எத்தனை ஹெச்பி தாங்கும்"னு கேட்டிருக்கீங்க, ஆனா நீங்க எழுதினத முழுசா படிச்சா கேள்வி அது இல்லன்னு தோணுது. 2000 மாடல் கமாரோ எஸ்எஸ், எல்எஸ்1 இன்ஜின், சிங்கிள் டர்போ, வீல்ல 650 ஹெச்பி பக்கம், பின்னாடி டிராக் ரேடியல் டயர், அதாவது ரேஸ் டிராக்குக்குன்னு பிடிப்பு ஜாஸ்தியா பண்ணின டயர், ஆக்சில் கியர் ரேஷியோ மட்டும் கம்பெனி குடுத்த 3.23, வேலைக்கும் இதுலதான் போறீங்க. ரெண்டு தடவை காசு கொட்டி பில்ட் பண்ணின 4எல்60ஈ ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ரெண்டுமே மூணாவது கியர்ல வழுக்கிடுச்சு. மூணாவது தடவை பர்ஸ தொறந்து அதோட பெரிய பாக்ஸான 4எல்80ஈய போட்டா இந்த தலைவலி ஒழியுமா, அதானே ப்ரோ கேள்வி? ஒழியும், ஆனா பாக்ஸ மட்டும் மாத்தினா ஒழியாது. நான் டெக்சாஸ்ல ஒரு டிரான்ஸ்மிஷன் ஷாப்ல பெஞ்ச் வேலை பாக்கறவன், பாக்ஸ பிரிக்கறது சேர்க்கறதுதான் பொழப்பு, ஜிஎம், அதாவது ஜெனரல் மோட்டார்ஸ் பாக்ஸ்தான் அதிகமா கைக்கு வரும். அதனால தெரிஞ்சத சொல்றேன்.

முதல்ல 4எல்60ஈ ஏன் அந்த எடத்துலயே சாகுதுன்னு பாத்துருவோம். இது புதுசா போட்ட டிசைன் கிடையாது, 1982ல வந்த 700ஆர்4 பாக்ஸுக்கு 1993ல எலக்ட்ரானிக் கன்ட்ரோல் வச்சு குடுத்ததுதான். உங்க எஸ்எஸ் கம்பெனிய விட்டு வரும்போது 320 ஹெச்பி, அதுக்கு இந்த பாக்ஸ் போதும், நல்லாவே போதும். பிரச்சனை உள்ள இருக்கற 3-4 கிளட்ச். மூணாவது கியருக்கும் நாலாவது கியருக்கும் அந்த ஒரே பேக்தான், இன்புட் டிரம்முக்குள்ள நெருக்கி அடைச்சு வச்சிருப்பான், பிளேட் எண்ணிக்கைய கூட்டணும்னா ஒவ்வொண்ணையும் மெல்லிசாக்கணும், மெல்லிசான பிளேட் சூட்ட வாங்கிக்காது. அதுக்கு மேல ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்கு போகும்போது 2-4 பேண்ட், அதாவது டிரம்ம சுத்தி இறுக்கி பிடிக்கற பட்டை, விடணும், 3-4 கிளட்ச் பிடிக்கணும், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல நடக்கணும். பேண்ட் சீக்கிரம் விட்டுட்டா இன்ஜின் கத்தும், லேட்டா விட்டா ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கும், எது நடந்தாலும் எரியறது 3-4 பேக்தான். ஃபுல் த்ராட்டில்ல 6500 ஆர்பிஎம்ல டர்போ முழு பூஸ்ட்ல இருக்கும்போது அந்த மாத்தம் நடக்குதுன்னா யோசிச்சு பாருங்க. இன்னொரு வியாதி சன் ஷெல், அது உடைஞ்சா ரெண்டாவது, நாலாவது, ரிவர்ஸ் மூணும் ஒரே நேரத்துல காணாம போயிடும், ஒண்ணும் மூணும் மட்டும் ஓடும். உங்களுக்கு அது இல்ல, உங்களுது அச்சு அசல் 3-4 கேஸ்.

இங்கதான் ஒரு விஷயம், ரெண்டு பில்டரும் சரியில்லன்னு எழுதியிருந்தீங்க, இருக்கலாம், ஆனா ரெண்டு பாக்ஸும் ஒரே எடத்துல செத்திருக்குன்னா நான் முதல்ல டியூனத்தான், அதாவது கம்ப்யூட்டர் செட்டிங்கத்தான், சந்தேகப்படுவேன். இந்த பாக்ஸ்ல கிளட்ச எவ்வளவு அழுத்தி பிடிக்கணும்ங்கற லைன் பிரஷர முடிவு பண்றது பிசிஎம், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர். அது டார்க்க, அதாவது இன்ஜினோட முறுக்கு விசைய, நேரடியா அளக்கறது இல்ல, காத்து எவ்வளவு உள்ள போகுதுங்கறத வச்சு கணக்கு போடுது. டர்போ போட்டதுக்கப்புறம் காத்து கணக்கு தப்பாச்சுன்னா, இல்ல டேபிள் அளவோட எல்லைய தாண்டிருச்சுன்னா, பிசிஎம் பாவம் ஏதோ 350 பவுண்டு-அடிதான் வருதுன்னு நம்பிக்கிட்டு அதுக்கேத்த பிரஷர்தான் குடுக்கும், நிஜத்துல அதவிட ரொம்ப மேல வந்துட்டு இருக்கும். அதோட டார்க் மேனேஜ்மென்ட்னு ஒண்ணு உண்டு, ஷிஃப்ட் நடக்கற அந்த கொஞ்ச நேரம் இக்னிஷன் டைமிங்க பின்னாடி இழுத்து இன்ஜின் பலத்த கொறைக்கறது. வண்டி "சொத்துன்னு" கியர் மாறணும்னு நிறைய பேரு அத சுத்தமா அணைச்சுடறாங்க. கேக்க நல்லாருக்கும், பிளேட்டுக்கு நல்லது இல்ல. இது ரெண்டையும் சரி பண்ணாம 4எல்80ஈ போட்டீங்கன்னா அதுவும் எரியும், கொஞ்சம் லேட்டா எரியும், அவ்வளவுதான். கூலரையும் பாருங்க. மொத பாக்ஸ் எரிஞ்சப்போ வந்த கிளட்ச் தூள் ரேடியேட்டருக்குள்ள இருக்கற கூலர்ல தங்கியிருந்தா, புது பாக்ஸ் முதல் நாளே அத குடிச்சிருக்கும். அத ஃபிளஷ் பண்ணி நம்பறத விட தூக்கி போட்டுட்டு வெளியில தனியா பெரிய கூலர் ஒண்ணு வைக்கறதுதான் என் வழக்கம்.

சரி, 4எல்80ஈ. 1964ல வந்த டர்போ 400 பாக்ஸ், அது முன்னாடி ஒரு ஓவர்டிரைவ் செட்ட, அதாவது ஹைவேல ஆர்பிஎம்ம கொறைக்கற கடைசி கியர, சொருகி, எலக்ட்ரானிக் கன்ட்ரோல் வச்சு 1991ல விட்டதுதான் இது. ஜிஎம்மோட 2500 டிரக், எக்ஸ்பிரஸ் வேன், இந்த மாதிரி பாரம் இழுக்கற வண்டிக்கெல்லாம் போட்டாங்க, அதனால ஸ்கிராப் யார்டுல இன்னமும் கிடைக்கும். கம்பெனி காகிதத்துல 4எல்60ஈக்கு இன்ஜின் டார்க் 360 பவுண்டு-அடி, 4எல்80ஈக்கு 440 அப்படின்னு இருக்கும், பாத்தா பெரிய வித்தியாசம் மாதிரியே தெரியாது. அந்த நம்பர் மலை மேல டிரெய்லர் இழுத்துக்கிட்டு வாரன்டி முடியற வரைக்கும் ஓடணும்ங்கறதுக்கு போட்ட நம்பர். உள்ள பிரிச்சு பெஞ்ச்ல பக்கத்துல பக்கத்துல வச்சா வித்தியாசம் கண்ணுக்கு தெரியும், டிரம், ஷாஃப்ட், பிளானட்டரி எல்லாமே ஒரு சைஸ் பெருசு. ஆனா என்னைக் கேட்டா சைஸ விட முக்கியமானது ஷிஃப்ட் நடக்கற விதம். 4எல்80ஈல ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்கு போகும்போது எதையும் விட வேண்டியதே இல்ல. இன்டர்மீடியட் கிளட்ச் பிடிச்சது பிடிச்சபடியே இருக்கும், டைரக்ட் கிளட்ச் வந்து பிடிச்சதும் நடுவுல இருக்கற ஸ்ப்ராக், அதாவது ஒரு பக்கம் மட்டும் பிடிக்கற கிளட்ச், தானா விட்டுக்கும். பேண்ட் சீக்கிரம் விட்டுச்சா லேட்டா விட்டுச்சாங்கற பேச்சுக்கே எடம் கிடையாது. உங்க ரெண்டு பாக்ஸும் எந்த எடத்துல செத்துச்சோ அந்த எடத்துல இந்த டிசைன்ல அந்த வியாதியே கிடையாது. இத வச்சுத்தான் உங்க கேஸுக்கு 4எல்80ஈ சரின்னு சொல்றேன், "1000 ஹெச்பி தாங்கும்"னு விளம்பரத்துல போட்டிருக்கறத வச்சு இல்ல.

அந்த 1000 ஹெச்பி, 1200 ஹெச்பி நம்பர் எல்லாம் எவ்வளவு நம்பலாம்னு கேட்டா, பாதி. கெட்டவன் எழுதினது இல்ல, ஆனா ஹெச்பிங்கறதே பாக்ஸுக்கு சரியான அளவுகோல் இல்ல. வண்டி எடை எவ்வளவு, டயர் சுத்துதா பிடிக்குதா, கன்வர்ட்டர் (இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல ஆயில் மூலமா பலத்த கடத்தறது) டார்க்க எவ்வளவு பெருக்கி குடுக்குது, எந்த ஆர்பிஎம்ல மாத்துறீங்க, இதெல்லாம் சேர்ந்துதான் பாக்ஸோட ஆயுசு. அதே 650 ஹெச்பி சாதா டயர்ல புகைய விட்டுட்டு போற வண்டியில வருஷக்கணக்கா ஓடும், டிராக் ரேடியல்ல பிடிச்சு கெளம்புற வண்டியில சீக்கிரம் போகும். டிரக்ல இருந்து கழட்டின பாக்ஸ அப்படியே போட்டு ஓட்டறவங்க இருக்காங்க, நானும் பாத்திருக்கேன், சிலது நல்லாவே ஓடுது. ஆனா அந்த பாக்ஸ் எத்தனை லட்சம் மைல் டிரெய்லர் இழுத்துச்சுன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, அதனால பிரிச்சு பாக்காம போடாதீங்க. பிரிக்கும்போது பில்டர்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க: டைரக்ட் கிளட்ச டூயல் ஃபீட் பண்ணியிருக்கீங்களா, ஃபார்வர்ட் ஹப்பும் இன்புட் ஷாஃப்டும் எது போட்டிருக்கீங்க. டைரக்ட் கிளட்ச் பிஸ்டனுக்கு ரெண்டு அறை உண்டு, கம்பெனி செட்டப்புல மூணாவது கியருக்கு ஒரு அறைக்குத்தான் ஆயில் வரும், இன்னொண்ணு ரிவர்ஸுக்கு மட்டும். ரெண்டுக்கும் ஆயில் போற மாதிரி பண்ணினா மூணாவதுல பிடி பலமாகும். பில்டர் இதுக்கு முழிச்சா வேற பில்டர பாருங்க.

கியர் ரேஷியோ பத்தி பயப்படறீங்க, ஃபர்ஸ்ட் கியர் 3.06ல இருந்து 2.48க்கு வந்தா வண்டி கெளம்பாதுன்னு யாரோ சொன்னதா எழுதியிருந்தீங்க. டர்போ இல்லாத எல்எஸ்1னா அவர் சொல்றது சரி, அதுக்கு ஆக்சில 3.73 இல்ல 4.10 ஆக்கத்தான் வேணும். உங்க வண்டிக்கு அது தேவையே இல்லங்கறது என் அபிப்பிராயம். இப்ப உங்களுக்கு முதல் கியர்ல மொத்தம் 3.06 தடவை 3.23, அதாவது 9.88, அதுல டயர் நிக்குதா சொல்லுங்க? 2.48 ஆச்சுன்னா 8.01, டயர் பிடிக்கும், டர்போவுக்கு லோடும் கிடைக்கும். 6500ல மாத்தினா 4எல்60ஈல ரெண்டாவதுக்கு போகும்போது ஆர்பிஎம் 3460க்கு விழும், 4எல்80ஈல 3880ல நிக்கும், மூணாவதுக்கு போகும்போது 3990க்கு பதிலா 4390. டர்போ வண்டிக்கு இந்த நெருக்கம்தான் தேவை, பூஸ்ட் கீழ விழாது. ஹைவேல ஓவர்டிரைவ் 0.70க்கு பதிலா 0.75, 26 இன்ச் டயர்ல மணிக்கு 70 மைல் போகும்போது 2050 இருந்த எடத்துல 2190 ஆர்பிஎம் வரும், கன்வர்ட்டர் வழுக்காம லாக் ஆகியிருந்தா. பெட்ரோல் கணக்குல இத நீங்க கவனிக்கக்கூட மாட்டீங்க. அதனால 3.23ஐ தொடாதீங்க. ரேஷியோவ தொடாதீங்கன்னுதான் சொல்றேன், ஆக்சில தொடாதீங்கன்னு இல்ல, அதுக்கு அப்புறம் வரேன்.

இது பவர முழுங்கும்னு ஒரு பேச்சு இருக்கு. எடை ஜாஸ்திங்கறது உண்மை, காலி பாக்ஸே 4எல்60ஈய விட 40 கிலோ பக்கம் கூட, உள்ள சுத்தற பாகமும் கனம். அதனால கொஞ்சம் போகும். எவ்வளவுன்னு கேட்டா ஒருத்தர் 15 ஹெச்பிம்பார், ஒருத்தர் 40ம்பார், ஆனா பெரும்பாலும் பாக்ஸோட சேத்து கன்வர்ட்டரையும் மாத்திட்டு, லாக் ஆகாம வழுக்கற நிலையில டைனோ, அதாவது பவர் அளக்கற மெஷின், மேல ஓட்டி எடுத்த நம்பரா இருக்கும், அதுல பாக்ஸ் எவ்வளவு முழுங்குச்சு கன்வர்ட்டர் எவ்வளவு முழுங்குச்சுன்னு பிரிக்கவே முடியாது. டர்போ வண்டியில பூஸ்ட கொஞ்சம் ஏத்தினா திரும்பி வந்துடும், இதுக்கு தூக்கத்த கெடுத்துக்காதீங்க.

உங்க வண்டியில நிஜமான வேலை எங்கன்னா டார்க் ஆர்ம். மத்த வண்டிக்காரங்க எழுதின 4எல்80ஈ ஸ்வாப் கதைய படிச்சுட்டு நீங்க இத விட்டுருக்கீங்க. 1993ல இருந்து 2002 வரைக்கும் வந்த கமாரோவுலயும் ஃபயர்பேர்டுலயும் பின் ஆக்சில் முறுக்கிக்காம பிடிச்சு வைக்கற நீளமான ஆர்ம் ஒண்ணு டிஃபரன்ஷியல்ல இருந்து முன்னாடி வந்து டிரான்ஸ்மிஷனோட டெயில் ஹவுசிங்லயே மாட்டியிருக்கும். 4எல்80ஈல அதுக்கு எடம் கிடையாது. அதனால டார்க் ஆர்ம் மவுன்ட் தனியா வச்ச கிராஸ்மெம்பர், அதாவது பாக்ஸ தாங்கற குறுக்குச் சட்டம், வாங்கணும், இந்த வண்டிக்குன்னே பண்ணினது சஸ்பென்ஷன் பார்ட் விக்கறவங்ககிட்ட இருக்கு. இது செலவுதான், ஆனா நல்ல செலவு, ஒவ்வொரு தடவை கெளம்பும்போதும் பாக்ஸோட வால இழுத்துக்கிட்டு இருந்த பாரம் இனிமே கிராஸ்மெம்பருக்கு போயிடும். வெல்டிங் தெரிஞ்ச நண்பர் இருக்கார்னு வீட்டுலயே பட்டி அடிச்சு ஒட்டிடாதீங்க, அது பிச்சுக்கிட்டா ஆக்சில் கீழ என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஃப்ளோர் டன்னல்ல சில எடத்துல சுத்தியலும் வேலை பாக்கும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கட்டாயம் மாறும், ஏன்னா பாக்ஸ் ஒன்றரை இன்ச் பக்கம் நீளம், அவுட்புட்டும் 27 பல்லுக்கு பதிலா 32 பல்லு, அதுல சொருகற யோக்கும் வேற. பாக்ஸ மாட்டி, வண்டிய சக்கரத்து மேல நிறுத்தி, அப்புறமா அளவு எடுத்து ஆர்டர் பண்ணுங்க, நெட்ல போட்ட அளவ பாத்து முன்கூட்டியே வாங்கினா ரெண்டு தடவை வாங்குவீங்க.

இன்ஜின் பக்கம், எல்எஸ்1 கிராங்க் கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும், சுமார் 0.4 இன்ச். அதனால ஸ்பேசரும் நீள போல்ட்டும் வச்சு தட்டையான ஃபிளெக்ஸ்பிளேட், அதாவது கிராங்கையும் கன்வர்ட்டரையும் சேக்கற தகடு, போடணும், இல்லன்னா எல்எஸ்ஸுக்குன்னே பண்ணின கன்வர்ட்டர் வாங்கணும். ரெண்டுல எதுங்கறத கன்வர்ட்டர் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க. கன்வர்ட்டர பாக்ஸுக்குள்ள சொருகும்போது அவசரமே படாதீங்க, புது பம்ப் உடையறது பெரும்பாலும் இங்கதான். உள்ள ஒரு கையளவு ஆயில் ஊத்தி, பாக்ஸ் மூக்கு லேசா மேல பாத்த மாதிரி வச்சு, ரெண்டு கையாலயும் சுத்திக்கிட்டே அழுத்தணும். டர்பைன் பல்லு ஏறும்போது ஒரு "டொக்", ஸ்டேட்டர் பல்லுல ஏறும்போது இன்னொண்ணு, கடைசியா பம்ப்ப ஓட்டற காதுல உக்காரும்போது ஒண்ணு. மூணாவது சத்தம் வரலன்னா நிறுத்திடுங்க, "போல்ட் டைட் பண்ணினா உக்காந்துடும்"னு நினைச்சீங்கன்னா போல்ட் பம்ப்ப உடைச்சுக்கிட்டு உக்காரும். இன்ஜினோட பாக்ஸ சேத்ததுக்கப்புறம் கன்வர்ட்டர் கையால தனியா சுத்தணும், ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் அதுக்கும் நடுவுல 3ல இருந்து 5 மில்லிமீட்டர் வரைக்கும் இடைவெளி இருக்கணும், கன்வர்ட்டர அந்த இடைவெளி அளவுக்கு முன்னாடி இழுத்துத்தான் போல்ட் போடணும். கூலர் லைன்லயும் கவனம், 1997ல இருந்து வந்த 4எல்80ஈ பாக்ஸ்ல கூலர்ல இருந்து ஆயில் திரும்பி வர ஓட்டை கேஸ்ல நல்லா பின்னாடி தள்ளி இருக்கும், பழைய 4எல்60ஈ லைன வளைச்சு ஒப்பேத்தலாம்னு பாக்காதீங்க.

வயரிங் நீங்க பயப்படற அளவுக்கு இல்ல. 4எல்80ஈக்கு இன்புட் ஸ்பீட் சென்சார் ஒண்ணு கூடுதலா உண்டு, அதுக்கு ரெண்டு வயர் பிசிஎம் வரைக்கும் போகணும், மீதி கனெக்டர மாத்தற வேலைதான், அடாப்டர் ஹார்னஸ் ரெடிமேடாவே விக்குது. உங்க வருஷ பிசிஎம்மும் 4எல்80ஈ போட்ட டிரக்குங்களோட பிசிஎம்மும் ஒரே குடும்பம், அதனால ஹெச்பி டியூனர்ஸ் மாதிரி சாஃப்ட்வேர்ல டிரான்ஸ்மிஷன் பகுதிய மட்டும் அதுல இருந்து எடுத்து இதுல எழுதிக்கலாம். எழுதினதோட விட்டுடாதீங்க, அது டிரக்கோட பழக்கம், 650 ஹெச்பி வண்டிக்கு பிரஷர் டேபிள் ஷிஃப்ட் டேபிள் எல்லாம் மறுபடியும் போடணும். டார்க் மேனேஜ்மென்ட்ட அணைக்கச் சொல்லி டியூனர்கிட்ட கேக்காதீங்க, கொஞ்சமாவது விடச் சொல்லுங்க.

இப்ப ஆக்சிலுக்கு வரேன். உங்க கார்ல கம்பெனி போட்ட பின் ஆக்சிலுக்கு பேரு டென் போல்ட், ரிங் கியர் ஏழரை இன்ச் சொச்சம், அந்த காருக்கே அது பலவீனம்னு பேர் எடுத்தது. டிராக் ரேடியல் வச்சு 650 ஹெச்பிக்கு அது இன்னமும் உடையலையேன்னு நீங்க சந்தோஷமா எழுதியிருந்தீங்க. உடையாம இருந்ததுக்கு 3-4 கிளட்ச் முன்னாடியே வழுக்கினதும் ஒரு காரணமா இருக்கலாம், இத்தன நாள் அது உங்களுக்கு ஃபியூஸ் வேலை பாத்திருக்கலாம். 4எல்80ஈ போட்டு ஃபியூஸ எடுத்துட்டீங்கன்னா அடுத்த பலவீனம் டென் போல்ட்தான், அது உடையும்போது ஷாஃப்டையும் டார்க் ஆர்மையும் சேத்து இழுத்துட்டு போகலாம். ஃபோர்டு 9 இன்ச்சோ, 12 போல்ட்டோ, இந்த வண்டிக்கு போல்ட் போடற மாதிரி ரெடியா விக்கறாங்க, ரேஷியோ மட்டும் 3.23க்கு பக்கத்துல எடுங்க, 9 இன்ச்சுல 3.25 கிடைக்கும். காசு ஒரே நேரத்துல இல்லன்னா என் வரிசை இதுதான், முதல்ல டியூன், கூலர், அப்புறம் பாக்ஸ் கன்வர்ட்டர் கிராஸ்மெம்பர் ஷாஃப்ட் எல்லாம் ஒரே தடவையா, அதுக்கப்புறம் ஆக்சில் வர வரைக்கும் சாதா டயர்ல ஓட்டுங்க, பூஸ்ட கொறைச்சு வைங்க. சாதா டயர் வழுக்கினா காசு கம்மி.

வேற பாக்ஸ் கேட்டிருந்தீங்க. டர்போ 400 இன்னும் எளிமை, கம்ப்யூட்டரே வேண்டாம், ஆனா ஓவர்டிரைவும் கிடையாது கம்பெனி லாக்அப்பும் கிடையாது, தினமும் ஹைவேல போறவருக்கு நான் சொல்ல மாட்டேன். பவர்கிளைட் ரெண்டே கியர், அது டிராக்குக்கு மட்டும். 6எல்80, 6எல்90 ரெண்டும் நல்ல பாக்ஸ், ஆறு கியர், ஆனா கன்ட்ரோலரே பாக்ஸுக்குள்ள ஆயில்ல முங்கி இருக்கும், உங்க பழைய பிசிஎம்முக்கு அதோட பேசத் தெரியாது, அந்த பாதையில போனா இன்ஜின் கம்ப்யூட்டரையே மாத்தற வேலையாயிடும். மறுபடியும் 4எல்60ஈயே நல்ல பார்ட் போட்டு பண்ணலாமான்னா, 450 ஹெச்பிக்குள்ள, டர்போ இல்லாத, எடை குறைஞ்ச வண்டிக்கு தாராளமா பண்ணலாம், அங்க 4எல்80ஈ வெட்டிச் செலவு. உங்க வண்டிக்கு வேண்டாம்.

நான் டியூன் பண்றவன் இல்ல, அதனால உங்க டேபிள்ல என்ன நம்பர் போடணும்னு என்கிட்ட கேக்காதீங்க, அதுக்கு உங்க டியூனர்தான். ஆனா அவர் அடுத்த தடவை வண்டிய ஓட்டி கம்ப்யூட்டர் டேட்டாவ பதிவு எடுக்கும்போது 2-3 ஷிஃப்ட் நேரத்துல பிசிஎம் எவ்வளவு டார்க்னு கணக்கு போடுது, எவ்வளவு பிரஷர் கேக்குது, ஷிஃப்ட் முடிய எவ்வளவு நேரம் ஆகுது, இந்த மூணையும் எடுக்கச் சொல்லுங்க. ஷாப்ல பிரிச்சு வச்சிருக்கற பழைய பாக்ஸோட 3-4 பிளேட்டையும் போட்டோ எடுத்து போடுங்க, ஸ்டீல் பிளேட் எல்லாம் ஒரே சீரா கருத்திருக்கா, இல்ல அங்கங்க திட்டு திட்டா நீலமா இருக்கான்னு தெரியற மாதிரி, லைட் நல்லா விழற எடத்துல வச்சு. ஒரே சீரா கருத்திருந்தா பிரஷர் பத்தலன்னு நினைப்பேன், திட்டு திட்டா இருந்தா கிளியரன்ஸ் இல்ல டிரம்ம பாக்கணும்னு சொல்லுவேன். அத பாத்துட்டு மீதிய எழுதறேன்.